மலையேறும் காரும் அதன் எண்ணெயும்

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகருக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. கிறகரி வாவிக் கரையிலே மக்கள் கூட்டம். பூங்காவிலே மலர்க் காட்சி. திடலிலே குதிரைப் பந்தயம். இவற்றோடு, நகரை அடுத்துள்ள மகாகஸ்தோட்டைத் தேயிலை மலையின் வளைவுப் பாதையிலே மோட்டார் வண்டிகள் மலையேறும் போட்டியும் நடைபெறுவது வழக்கம். 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய போட்டி அது. நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்லவிலும் இத்தகைய போட்டி நடப்பதுண்டு. ஓட்டமோ சிறிது, வினாடியின் பின்னங்களே வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிக்கின்றன.

பார்த்து நிற்போர் சாரதியின் துணிவைப் புகழ்வர். சக்கரங்களின் சீற்றத்தை வியப்பர். எஞ்சினுக்குள்ளே ஓடும் நாலைந்து லீற்றர் எண்ணெயை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் அது தவறினால் மற்றவை யாவும் தவறும். ஒரு வளைவிலே எண்ணெய்ப் படலம் அறுந்து, பெயாரிங் உருகி, எஞ்சின் இறுகிவிடுமாயின், இழக்கப்படுவது போட்டி மாத்திரமன்று. கராஜிலே இரவு பகலாய் உழைத்துச் சேர்த்த காசில் அந்த எஞ்சினைக் கட்டிய இளைஞனின் பல மாதப் பாடு ஒரு நொடியில் இரும்புத் துண்டாகிவிடும்.

ஆதலின், "எந்த எண்ணெய் ஊற்றுவது?" என்ற கேள்வி நுவரெலியாவிலும் ஹற்றனிலும் உள்ள கராஜ்களிலே அடிக்கடி எழுகின்றது. அதற்கு மூன்று விடைகள் வழக்கமாகக் கிடைக்கும். "செயற்கை எண்ணெயாகப் பார்த்து ஊற்று" என்பது ஒன்று. "தடித்ததாக ஊற்று" என்பது மற்றொன்று. "பந்தயக்காரர் ஊற்றுவதையே ஊற்று" என்பது மூன்றாவது. மூன்றிலும் பாதி உண்மை உண்டு; எஞ்சினைக் கெடுப்பது மற்றப் பாதியே.

எண்ணெயின் தொழில் யாது? நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் கிராங்குத் தண்டு, பெயாரிங்கைத் தொடாமல், தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்கின்றது. அப்படலமே உராய்வைத் தடுக்கின்றது. அவ்வெண்ணெயே வெப்பத்தைச் சுமந்து செல்கின்றது. கரியையும் அழுக்கையும் கழுவுகின்றது. தொடக்க காலத்திலே இத்தொழிலுக்கு ஆமணக்கெண்ணெயும் பயன்பட்டது. வீட்டிலே பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்த அதே எண்ணெய்தான் முதலாம் உலகப் போரின் விமானங்களை ஓட்டிற்று. 1909இல் வேக்ஃபீல்ட் என்பவரது நிறுவனம் தன் எண்ணெய்க்குக் காஸ்ட்ரோல் எனப் பெயரிட்டதும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவியே. அது வெப்பத்தில் நன்றாக உழைத்தது. ஆனால் பிசின் போன்ற கசடை விட்டுச் சென்றது. பின்னர் பெற்றோலிய எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செயற்கை எண்ணெய் ஆராய்ச்சி வளர்ந்தது. 1970களில் அது கார்களுக்கான கடைச் சரக்காயிற்று.

இனி முதல் விடை. தேயிலைத் தொழிற்சாலையிலே சல்லடைக்குப் போகுமுன் இலைக் குவியலைக் கண்டோர் அறிவர்: பெருந்துண்டும் தூளும் நாரும் கலந்து கிடக்கும். நிலத்தினின்று எடுத்துச் சுத்திகரித்த எண்ணெயின் மூலக்கூறுகளும் அவ்வாறே ஒவ்வாத அளவினவாய் இருக்கும். செயற்கை எண்ணெயோ சலித்துப் பிரித்த ஒரே தரத் தேயிலையை ஒத்தது. பொலி அல்பா ஒலெபின் என்னும் வகையின் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அமைப்பின. எனவே அவை வெப்பத்தில் எளிதில் ஆவியாவதில்லை. விரைவில் ஒட்சியேறிக் கெடுவதில்லை. குளிரிலும் சூட்டிலும் பிசுக்குமை அளவுக்கு மீறி மாறுவதில்லை. கடுமையாக உழைக்கும் எஞ்சினுக்கு இவை மெய்யான நன்மைகள்.

ஆனால் புட்டியின் மீதுள்ள 'செயற்கை' என்ற சொல் எப்பொழுதும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. பெற்றோலியத்தையே ஐதரசனின் துணையால் ஆழமாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாந் தொகுதி எண்ணெயையும் செயற்கை எனலாமா என்று அமெரிக்காவிலே இரு பெரும் நிறுவனங்கள் வழக்காடின. 1999இல், எனலாம் என்று முடிவாயிற்று. ஜெர்மனியில் அவ்வாறு எழுத இடமில்லை. மூன்றாந் தொகுதியும் நல்ல எண்ணெயே. எனினும் சொல்லை நம்பி வாங்குவோர் அது நிறைவேற்றிய தரத்தையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் விடை தடிப்பைப் பற்றியது. 5 டபிள்யூ 40 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள இலக்கம் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னுள்ள இலக்கம் 100 பாகை செல்சியசில் அதன் பிசுக்குமையையும் காட்டுகின்றன. 5 டபிள்யூ எண்ணெயைக் குளிரில் எஞ்சின் சுழற்றும் சோதனை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையில் நடைபெறுகின்றது. தை மாத விடியலில் நுவரெலியாக் கொழுந்தின் மேல் உறைபனி படியலாம். அத்தகைய குளிரோ இங்கு என்றும் இல்லை. ஆதலால் எஞ்சினைச் செய்தோர் கேட்டாலன்றி, குளிருக்கு அஞ்சி 0 டபிள்யூவைத் தேட வேண்டுவதில்லை.

அதற்காக மிகத் தடித்ததும் நன்றன்று. மலையேற்றக் கார் தொடக்கக் கோட்டிலே குளிர்ந்து காத்து நின்று, பின் ஒரே மூச்சில் முழு வேகம் எடுக்கின்றது. நீரின் வெப்பமானி சூட்டைக் காட்டும் வேளையிலும் எண்ணெய் இன்னும் சூடேறாதிருக்கும். அப்பொழுது தடித்த எண்ணெய் அமுக்கமானியில் உயர்ந்த இலக்கத்தைக் காட்டும், ஓட்டமோ குறைந்திருக்கும். மெலிந்த எண்ணெயோ சூடேறியபின் படலம் அறுந்துவிடக்கூடும். இதை அளக்கவே 150 பாகைச் சூட்டிலும் மிகுந்த வேகத்திலும் ஒரு சோதனை உண்டு. அதிலே 30ஆம் தர எண்ணெய் குறைந்தது 2.9 பெறுதல் வேண்டும். 5 டபிள்யூ 40 எண்ணெய் 3.5 பெறுதல் வேண்டும்.

உயரமும் கணக்கில் வரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே வளியமுக்கம் கடற்கரையினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அதற்கேற்ப வலு குன்றும். டர்போ பொருத்திய எஞ்சினோ குறைந்த காற்றை ஈடு செய்ய டர்போவை மேலும் விரைந்து சுழற்றும். அதன் தண்டு எண்ணெயிலேதான் மிதக்கின்றது. செயற்கை எண்ணெய்க்குச் செலவிடும் பணம் முழுப் பயன் தருவது இங்கேதான்.

மூன்றாம் விடையான பந்தய எண்ணெயிலே தேய்மானத்தைத் தடுக்கும் நாகமும் பொசுபரசும் பெரும்பாலும் மிகுந்திருக்கும். அழுக்கைக் கழுவும் பொருள்கள் குறைந்திருக்கும். ஓரிரு ஓட்டங்களின்பின் வடித்துவிடுவதற்காகச் செய்யப்பட்டது அது. நாள்தோறும் வீதியில் ஓடும் புதிய காரில் அதை ஊற்றினால் கசடு தங்கும். புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் பழுதாகும். பழைய எஞ்சின்களிற் சிலவோ அந்த நாகத்தையும் பொசுபரசையும் வேண்டி நிற்கின்றன. 1959இல் பிறந்த மினி காரிலோ எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஒரே எண்ணெய். பற்சக்கரங்கள் எண்ணெயை அரைத்து மெலியச் செய்யும். ஒருவன் காருக்கு அமிர்தமானது மற்றவன் காருக்கு நஞ்சாவது இவ்வாறே.

எனவே முறை எளிது. முதலிலே காரின் கைந்நூலைத் திறந்து, கேட்கப்பட்ட பிசுக்குமைத் தரத்தைக் காண்க. அடுத்துத் தரக் குறியைப் பார்க்க: 2020இல் வந்த எஸ்.பி. தரம், டர்போ எஞ்சின்களிலே எரிபொருள் முறைமாறி முன்கூட்டியே வெடிக்கும் கேட்டைத் தடுக்கும் சோதனையையும் உள்ளடக்கியது, 2025இல் எஸ்.கியூ. அதனைத் தொடர்ந்தது. இவை பொருந்தியபின் விலையைப் பார்க்கலாம். முத்திரை உடைந்த புட்டியை மலிவென்று வாங்கலாகாது. குளிர்ந்த எஞ்சினின் குறுகிய ஓட்டங்களில் பெற்றோல் எண்ணெயோடு கலக்கும். ஆதலின் போட்டிக் காருக்கு எண்ணெயை முன்கூட்டியே மாற்றுதல் நலம். கொண்டை ஊசி வளைவிலே எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் வெறுங்காற்றை இழுக்குமாயின், எத்தனை விலையுயர்ந்த எண்ணெயும் காவாது. எண்ணெயின் மட்டம் சரியாக இருத்தலும், அடித்தொட்டியிலே தடுப்புத் தகடு இருத்தலுமே அதற்கு மருந்து.

வடித்த பழைய எண்ணெயை என் செய்வது? அதைக் கானிலே கொட்டுவோர் உளர். நானுஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியே மகாவலியைச் சேர்கின்றது. ஹற்றன் பக்கத்து ஓடைகளிற் சில களனியைச் சேர்கின்றன. கொழும்பு நகரம் பருகுவது அந்தக் களனி நீரையே. பழைய எண்ணெயைக் கலனில் அடைத்துச் சேகரிப்போரிடம் ஒப்படைத்தபின்னரே கராஜ்காரனின் வேலை முடிகின்றது.

மலையுச்சியிலே கொடி அசையும்போது கைதட்டல் சாரதிக்கே கிடைக்கும், அது முறையே. முந்திய இரவு விளக்கொளியிலே புட்டியின் இலக்கங்களைக் கைந்நூலோடு ஒத்துப் பார்த்தவனுக்கும் அதிலே ஒரு பங்கு உண்டு.