பாயிண்ட் எப்போ பணமாகுது?

இந்த வாரம் எங்க ஊர் செஞ்சியிலிருந்து பேசறேன். பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "ப்ரோ, சின்னதா ஒரு மொபைல் கேம் பண்றோம். தொடர்ந்து ஆடறவங்களுக்கு லாயல்டி பாயிண்ட் கொடுக்கணும். எப்படி டிசைன் பண்றது?"

டேட்டாபேஸ் பக்கம் சுலபம். பேலன்ஸ்னு ஒரே ஒரு எண்ணை வெச்சுக் கூட்டிக் கழிக்காதீங்க. மளிகைக் கடை பற்று வரவு நோட்டு மாதிரி ஒவ்வொரு வரவும் செலவும் தனி வரி. எழுதின வரியை அழிக்கக் கூடாது, கூடுதலா ஏறினா எதிர்வரி போடணும். நெட் விட்டு விட்டு வந்தா ஆப் ஒரே ரிக்வெஸ்ட்டை மூணு தடவை அனுப்பும். ஆட்டத்துக்கு ஒரு ஐடி இருந்தாத்தான் பாயிண்ட் ஒரு தடவை மட்டும் ஏறும்.

கஷ்டமான கேள்வி வேற. அந்தப் பாயிண்ட் எப்போ பணமாகுது? 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆதாயம் எதிர்பார்த்து ஆடற கேம்களைத் தடை பண்ணுது. திறமையா அதிர்ஷ்டமாங்கிற வாதம் அங்கே எடுபடாது. காயின், டோக்கன், கிரெடிட்னு என்ன பேர் வெச்சாலும் காசு கொடுத்து வாங்கினதுன்னா அதுவும் பந்தயப் பொருள்தான். அதனால பாயிண்ட்டை விக்காதீங்க, பணமா மாத்த விடாதீங்க, அதை வெச்சுப் பந்தயம் கட்டவும் விடாதீங்க. ஸ்கின், பேர் பக்கத்துல ஒரு பட்டம், இது போதும். (நான் வக்கீல் இல்ல. வெளியிடறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பாருங்க.)

எனக்குப் பிடிக்காதது ஸ்ட்ரீக். ஒரு நாள் விட்டா எல்லாம் பூஜ்யம். பணம் வெச்சு ஆடற கேம்ல நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை லாகின் கூடாதுன்னு தமிழ்நாடு 2025 பிப்ரவரியில விதி போட்டுச்சு. ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. உங்க கேம்ல பணம் இல்ல, அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனா பத்தாவது படிக்கிற பையன் ராத்திரி 11:58-க்கு ஸ்ட்ரீக் போயிடும்னு போனைத் தேடறான்னா, அவனை எழுப்பின அந்தக் கோடை எழுதினது நம்மள மாதிரி ஒருத்தர்தான்.

நான் செஞ்சா இப்படித்தான்: வாரத்துல ஏதாவது நாலு நாள் வந்தா முழு பாயிண்ட். தினசரி உச்சவரம்பு உண்டு. ராத்திரி 10-க்கு மேல பாயிண்ட் ஏறாது.

ரிட்டென்ஷன் போயிடுமேன்னு மேனேஜர் கேப்பார். முகலாயப் படை எங்க கோட்டையை 1690-ல ஆரம்பிச்சு 1698 வரை முற்றுகை போட்டுச்சு. கோட்டை விழுந்துச்சு, ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார். சுத்தி வளைச்சா ஆள் தங்கிடுவாங்கன்னு செஞ்சிக்காரன் கிட்ட சொல்லாதீங்க.

காலாவதி வெச்சா 30 நாள் முன்னாடியே சொல்லிடுங்க. பழைய பாயிண்ட் முதல்ல செலவாகட்டும். நண்பர் டேபிள் டிசைனை அனுப்பறேன்னார். வந்ததும் அடுத்த எபிசோட்ல பிரிச்சுப் பார்ப்போம்.