எங்கள் வளவு எங்கே?

தோழர்களே, கடந்த பங்குனியில் நாங்கள் குருமண்வெளியில் 'பாதை' ஏறி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனோம். ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவைக்கு அங்கே அதுதான் பெயர்.

படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்த நேரம். ஒரு வீட்டு முற்றத்தில் அயலவர் பத்துப் பேர் பாய் விரித்திருந்து, வாய்க்கால் துப்புரவாக்குவது பற்றிப் பேசினார்கள். தேநீர் தந்தார்கள், நாம் பறிக்கும் கொழுந்துதான். ஒரு பாட்டி கேட்டார்: "உங்கட வளவு எவ்வளவு பெரிசு, பிள்ளையள்?"

எங்களிடம் பதில் இல்லை. மலையகம் வந்து 200 ஆண்டானதை 2023இல் நினைவுகூர்ந்தோம். லயத்து வாசல் இன்னும் நமதில்லை.

அவர்களும் பணக்காரர் அல்ல. ஆனால் தங்கள் முற்றத்தில் கூட எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆகவே சம்பளத்தோடு காணி உறுதியையும் கேட்போம். அடுத்த கூட்டம் லயத்து வாசலில், பாயோடு வாருங்கள்.