ஊர் காத்த உணவு



பிரிட்டனுக்குப் போனால் வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்காது என்ற பேச்சு நம்மிடையே வெகுநாளாக இருக்கிறது. லண்டனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு, மோட்டார்வேயை விட்டு இறங்கி, கிராமத்துச் சாலைகளில் போய்ப் பாருங்கள். முப்பது நாற்பது மைலுக்கு ஒரு சீஸ், ஒரு கேக், ஒரு இறைச்சிப் பண்டம் என்று ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கும். நானும் என் மனைவியும் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் தொடங்கி வடக்கே ஏரிப் பகுதி வரை அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே போனோம். எனக்கு அசைவம் உண்டு. அவர் முட்டை வரைக்கும் சேர்த்துக்கொள்வார், மீனையும் இறைச்சியையும் தொடமாட்டார். இருவருக்கும் குறை இருக்கவில்லை. நாங்கள் ருசித்தவை அந்தந்த ஊரில் எப்படித் தப்பிப் பிழைத்தன, யார் அவற்றைக் காப்பாற்றினார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் கார்ன்வால். இடது பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஒரு வண்டிக்குத்தான் இடம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வேலி. எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுத்து வழி விடுவார். மற்றவர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஹாரன் சத்தமே இல்லை.

அந்த ஊர்க்காரர்களின் பெருமை பாஸ்டி. வட்டமாகத் தேய்த்த மாவின் நடுவில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு வகை டர்னிப், இவற்றோடு உப்பும் மிளகும். எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்து, அரைவட்டமாக மடித்து, சூட்டடுப்பில் மெதுவாக வேகவிடுகிறார்கள். ஒரு பேக்கரியின் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மா விளிம்பை மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கை மாவின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, மறு கை அதை மேலே மடித்து அழுத்தி, அடுத்த மடிப்புக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. “ஏங்க, நம்ம சோமாசி மாதிரியே இல்ல?” என்றார் மனைவி. அதேதான், அளவுதான் பெரிது. கார்னிஷ் பாஸ்டி என்ற பெயருக்கு 2011 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. நாம் புவிசார் குறியீடு என்கிறோமே, அந்த வகை. கார்ன்வாலில் தயாரிக்க வேண்டும், விளிம்பு பக்கவாட்டில் மடிக்கப்பட வேண்டும், உள்ளே இன்னின்னதுதான் இருக்க வேண்டும் என்பது விதி. சைவக்காரர்களுக்கு, அந்தப் பாதுகாக்கப்பட்ட பெயர் இல்லாமல், சீஸும் வெங்காயமும் வைத்தது தனியாகக் கிடைக்கிறது.

பாஸ்டி சுரங்கத் தொழிலாளியின் மதிய உணவு. கார்ன்வாலின் தகரச் சுரங்கங்களும் செம்புச் சுரங்கங்களும் 19ஆம் நூற்றாண்டில் நொடித்தபோது, வேலை தெரிந்த ஆட்கள் உலகெங்கும் கிளம்பிப் போனார்கள். அதற்கு முன்பே மெக்சிகோவில் ஹிடால்கோ மாநிலத்து வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனவர்கள் பாஸ்டியையும் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் அது தெருக்கடை உணவு. கோலார் தங்க வயலுக்கும் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் அங்கே பொறுப்பேற்ற பிறகு, சுரங்கத்துக்குள் அவர்களோடு இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். கார்ன்வாலில் பாழடைந்து நிற்கும் சுரங்க எந்திரக் கட்டடங்களைக் கடந்து போகும்போது அந்த நினைவு வராமல் இருக்கவில்லை.

பக்கத்து டெவனையும் ஒரு மாலைத் தேநீரோடு சேர்த்துவிடுகிறேன். ஸ்கோன் என்னும் மெத்தென்ற சிறு ரொட்டி, ஸ்ட்ராபெர்ரி ஜாம், மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து ஆடை கட்டவிட்ட கெட்டியான கிரீம். கார்ன்வாலில் ஜாமைத் தடவி அதன்மேல் கிரீம் வைப்பார்கள். டெவனில் கிரீம் முதலில், ஜாம் பிறகு. இரண்டு மாவட்டத்தாரும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. நாங்கள் இரண்டு விதமாகவும் சாப்பிட்டோம். எனக்குக் கார்ன்வால் முறைதான் பிடித்தது.

அடுத்தது சோமர்செட். அங்கேதான் செடார் சீஸுக்குப் பெயர் தந்த செடார் என்ற ஊர். சுண்ணாம்புக் கல் மலையைப் பிளந்துகொண்டு போகும் பள்ளத்தாக்கு. அதன் அடிவாரத்தில் குகைகள். குகைக்குள் வெயிலும் குளிரும் ஏறி இறங்குவதில்லை, ஈரம் குறைவதில்லை. சீஸ் பக்குவப்பட அதைவிட நல்ல அறை வேண்டாம். இப்போதும் அங்கே ஒரு குகையில் சீஸை அடுக்கி முதிரவிடுகிறார்கள்.

‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டைச் சுற்றி எழுதிய பயண நூலில் இந்த ஊரைக் குறிப்பிடுகிறார். ஊர்ப் பொதுவில் மேயும் மாடுகளின் பாலை எல்லாரும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவார்கள். யார் எவ்வளவு ஊற்றினார் என்பது ஏட்டில் ஏறும். சேர்ந்த பாலில் பெரிய சீஸ் செய்வார்கள். ஒருவர் ஊற்றிய பால் ஒரு சீஸுக்கு ஆகும் அளவு சேர்ந்ததும் அது அவருக்கு. சிறு விவசாயியின் பாலுக்கும் பெரிய சீஸில் பங்கு உண்டு என்ற ஏற்பாடு.

செய்முறையைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தோம். திரிந்த பாலை வெட்டி, சூடேற்றி, தண்ணீரை வடித்த பிறகு, தொட்டியில் தயிர்க்கட்டி மெத்தை போலப் படிந்திருக்கிறது. அதைச் செங்கல் அளவுக்கு அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். சற்று நேரம் கழித்துப் புரட்டி, மேலே இருந்ததைக் கீழே வைத்து, மறுபடி அடுக்குகிறார்கள். தன் பாரத்திலேயே தண்ணீர் வடிந்து, புளிப்பு ஏறி, கட்டி இறுகுகிறது. அந்த ஊரின் பெயர் அந்த வேலைக்கே ஆகிவிட்டது. பிறகுதான் பொடித்து, உப்பிட்டு, அச்சில் அழுத்தி, துணி சுற்றி, மாதக்கணக்கில் முதிரவிடுவது.

மனைவி அங்கே ஒரு கேள்வி கேட்டார். சைவ நேயர்களுக்கு அது பயன்படும். பாலைத் திரிக்க வழக்கமாகச் சேர்ப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். ஆனால் இப்போது பிரிட்டனில் பல சீஸ்கள் அது இல்லாமல், வேறு நொதி கொண்டு செய்யப்படுகின்றன. உறையில் சைவத்துக்கு ஏற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரரைக் கேட்டால் தயங்காமல் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இவ்வளவு வகை இருந்த நாட்டுக்கு ருசியற்ற நாடு என்ற பெயர் வந்ததற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு முக்கியக் காரணம். பால் போதாமல், அரசு ஊர் ஊரான சீஸ் வகைகளை ஓரங்கட்டி, நாள்பட நிற்கும் ஒரே வகைக் கெட்டி சீஸைச் செய்யச் சொன்னது. ரேஷனில் ஒருவருக்கு வாரத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவு. அந்த ரேஷன் முடிந்தது 1954இல்தான். பதின்மூன்று ஆண்டு ஒரு பண்டத்தைச் செய்யாமல் விட்டால் கைப்பழக்கம் போய்விடும். அதன் ருசியே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். பல பண்ணைகளில் சீஸ் செய்வது அதோடு நின்றுபோனது. தப்பியவை தாமாகத் தப்பவில்லை.

வடக்கே போகும் வழியில், நீலநரம்பு ஓடும் ஸ்டில்டன் சீஸ் செய்யும் பகுதி வந்தது. லெஸ்டர்ஷயர், டார்பிஷயர், நாட்டிங்காம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே அதைச் செய்யலாம். நீண்ட ஊசிகளால் சீஸைக் குத்தி உள்ளே காற்று புகவிட்டால், அந்தத் துளைகளின் வழியே நீலப்பூஞ்சை படர்கிறது. டார்பிஷயரில் பேக்வெல் ஊர்ப் புட்டிங்கும் சாப்பிட்டோம். பொரபொரக்கும் மாவுக்குள் ஜாம், அதன்மேல் முட்டையும் பாதாமும் சேர்த்த கலவை. இளஞ்சூட்டில் சாப்பிட வேண்டும்.

யார்க்ஷயரில் ஹாஸ் என்ற சிற்றூரில்தான் அதிக நேரம் இருந்தோம். வென்ஸ்லிடேல் என்னும் பள்ளத்தாக்கு அது. சுண்ணாம்புக் கலவையே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் மலைமேல் வரை ஏறிப்போகின்றன. வயலுக்கு ஒன்றாகக் கல்லால் கட்டிய, காய்ந்த புல் வைக்கும் கொட்டில்கள். 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து வந்த சிஸ்டர்சியன் துறவிகள் இங்கே ஆட்டுப்பாலில் சீஸ் செய்யத் தொடங்கினார்கள். மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு அந்தக் கைவேலை பண்ணை வீட்டுப் பெண்களிடம் வந்து, பசும்பாலுக்கு மாறியது. 1897இல் ஹாஸில் ஆலை வந்தது.

அந்த ஆலை இரண்டு முறை சாகக் கிடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் பால் ஊற்றியவர்களுக்கே பணம் கொடுக்க முடியாத நிலை. கிட் கால்வர்ட் என்ற உள்ளூர்க்காரர் ஊர்க்கூட்டம் போட்டு, அக்கம்பக்கத்தாரிடம் முதல் திரட்டி, 1935இல் ஆலையை நிமிர்த்தினார். பிறகு அது ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. 1992இல் அந்த நிறுவனம் ஆலையை மூடி, வென்ஸ்லிடேல் செய்யும் வேலையை லங்காஷயருக்கு மாற்றியது. யார்க்ஷயருக்கும் லங்காஷயருக்கும் நூற்றாண்டுக் கணக்கான போட்டி, ஊர் கொதித்துப்போனது. அதே ஆண்டிலேயே, வேலை இழந்த மேலாளர்கள் ஆலையை விலைக்கு வாங்கினார்கள். பழைய தொழிலாளர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். தொட்டியில் மறுபடி பால் ஏறியது. 2013இல் யார்க்ஷயர் வென்ஸ்லிடேல் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

அந்தச் சீஸை அங்கே பழக்கேக்கோடு கொடுக்கிறார்கள். உலர்திராட்சை நிறைந்த கருப்புக் கேக் ஒரு துண்டு, அதன்மேல் வெண்மையான சீஸ் ஒரு துண்டு. விரலால் தொட்டாலே உதிர்கிறது. இனிப்புக்கு நடுவே மோரின் புளிப்பும், கடைசியில் லேசாகத் தேன் வாடையும். மனைவி இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினார்.

கடைசியாக ஏரிப் பகுதி. அங்கே மலையில் மேய்வது ஹெர்ட்விக் ஆடுகள். குட்டி கருப்பாகப் பிறந்து, வளர வளர நரைக்கும். வேலியில்லாத மலையில் தன் எல்லை எது என்பதைத் தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. அதனால் மந்தை மலையோடு சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. குழந்தைக் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்த ஆடுகளை வளர்த்தவர். 1943இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, நாட்டின் இயற்கையையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 2001இல் கோமாரி நோய் பரவி, பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டபோது, மிக மோசமாக அடிபட்டது ஏரிப் பகுதி இருக்கும் கம்ப்ரியா மாவட்டம். மந்தை அழிந்தால் மலையின் எல்லை தெரிந்த தாய் ஆடும் போய்விடும். எஞ்சியவற்றைக் கொண்டு விவசாயிகள் மறுபடி பெருக்கியிருக்கிறார்கள். அந்த இறைச்சியை மெதுவாக வேகவைத்துத் தந்தார்கள். காட்டுப்புல் மேய்ந்த ஆட்டுக்கு என்று ஒரு ஆழமான ருசி இருக்கிறது.

கிராஸ்மியர் கிராமத்தில் இஞ்சி ரொட்டி. 1854இல் சாரா நெல்சன் செய்து விற்கத் தொடங்கியது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம்தான் கடை. நாலைந்து பேர் நின்றால் நிறைந்துவிடும். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறை சுவருக்கு அந்தப் பக்கம். பிஸ்கட்டும் அல்ல, கேக்கும் அல்ல. கடித்தால் நறுக்கென்று உடைந்து, பிறகு பல்லில் ஒட்டும். இஞ்சிக் காரம் தொண்டையில் வெகுநேரம் நிற்கும்.

பிள்ளைகளைப் பார்க்கப் பிரிட்டன் போகிற நேயர்கள் பலர் இருப்பீர்கள். லண்டனில் இருக்கும் நாட்களில் கொஞ்சத்தைக் குறைத்து, ஏதாவது ஒரு மாவட்டத்துக்குப் போய்வாருங்கள். நாலைந்து மாவட்டத்தை ஓட்டமாக ஓடிப் பார்க்க வேண்டாம். கிராமத்து விடுதிகளில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். அதற்கு முன் போய்விடுங்கள். பண்ணை வாசலில் முட்டையும் ஜாம் பாட்டிலும் வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியலும் வைத்திருப்பார்கள். விற்க ஆள் இருக்காது. எடுத்ததற்கு உரிய காசைப் போடுங்கள்; சில்லறை கையில் இருக்கட்டும். கடையில் நின்று, இது எங்கே செய்தது, யார் வீட்டுப் பால் என்று கேளுங்கள். எங்கள் பயணத்தில் அந்தக் கேள்விக்கு முகம் மலராத கடைக்காரரை நாங்கள் பார்க்கவில்லை.

ஒரு உணவின் பெயரைச் சட்டம் காக்கும். அதைச் செய்யும் கைகளைக் காப்பது அதை வாங்குகிறவர்கள்தான். ஹாஸ் ஊர்க்காரர்கள் 1935இலும் 1992இலும் தங்கள் பங்கைச் செய்தார்கள். அந்த வாசலில் போய் நின்று ஒரு துண்டு சீஸ் வாங்குகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அந்த வேலையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.