உறைகிணறும் பெரும்பாக்கமும்

புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டை 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்தார். ரோமானிய மட்பாண்டங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கென்னவோ, அங்கே கிடைத்த சுடுமண் உறைகிணறுதான் பெரிய விஷயம். மணற்பாங்கான இடத்தில் கிணறு தோண்டினால் பக்கத்து மண் சரிந்து ஆளையே மூடிவிடும். சூளையில் சுட்டெடுத்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் மண் நிற்கும், வேலையும் சட்டென்று முடியும்.

இன்றைய ப்ரீகாஸ்ட் முறையும் ஏறக்குறைய இதேதான். சென்னை பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் அப்படி எழுந்தவை. கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்து, கிரேனில் தூக்கிப் பொருத்தினார்கள். சாரத்தில் தொங்கிக்கொண்டு பூசுகிற வேலை இதில் வெகுவாகக் குறைகிறது. ஒன்று மட்டும்: கிரேன் சுவரைத் தூக்கும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. டன் கணக்கில் எடையுள்ள பலகைக்குத் தலைக்கவசம் எம்மாத்திரம்!