வீட்டு வளவில் நிற்கும் பெருமரங்கள்: பராமரிப்பும் அகற்றலும்

(கிளென் வேவர்லியிலும் அதன் கிழக்கே உள்ள மலையடிவாரப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான தகவல் உரையின் எழுத்து வடிவம்)



கிளென் வேவர்லியில் வீடு வாங்குபவர் சில வேளைகளில் அந்த வீட்டைவிட மூத்த மரம் ஒன்றையும் சேர்த்தே வாங்குகிறார். ஒரு காலத்தில் பழத்தோட்டங்களாக இருந்த இந்நிலம், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தெருக்களும் வீடுகளுமாக மாறியது. அவ்வேளையில் வெட்டப்படாமல் எஞ்சிய யூகலிப்டஸ் மரங்களும், அதன் பின்னர் நடப்பட்டு இன்று கூரைக்கு மேலாக வளர்ந்துவிட்ட மரங்களும் பல வளவுகளில் நிற்கின்றன. இம்மரங்களைக் குறித்து வீட்டு உரிமையாளரிடம் பொதுவாக இரண்டு மனநிலைகள் காணப்படுகின்றன. ஒன்று, காற்றடிக்கும் இரவுகளில் எழும் அச்சத்தால் மரத்தை அடியோடு அகற்றிவிட வேண்டும் என்று எண்ணுவது. மற்றொன்று, இத்தனை ஆண்டுகள் நின்ற மரம் இனியும் நிற்கும் என்று எண்ணி அதை ஒருபோதும் பாராமல் விடுவது. இவ்விரண்டும் பொருந்தா. மரத்தைப் பற்றிய முடிவு, காற்று இல்லாத நாளில், தகுதி பெற்ற ஒருவர் மரத்தைப் பார்த்த பின்னர் எடுக்கப்பட வேண்டியது. இவ்வுரையின் சாரம் இதுவே.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்ட் 27 அன்று மெல்பேர்ணைத் தாக்கிய கடுங்காற்றில் மரங்கள் சாய்ந்து மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் பிளாக்பேர்ன் சவுத்தில் வீதியோரம் நடந்து சென்ற சிறுவன். மற்ற இருவரும் பெல்கிரேவ், ஃபெர்ன்ஷோ ஆகிய இடங்களில் வாகனத்தில் சென்றவர்கள். 2021 ஜூன் மாதத்தில் டான்டினோங் மலைத்தொடரில் வீசிய புயலில் கலோராமா, ஒலிண்டா, சசஃப்ராஸ் முதலிய ஊர்களில் பெருமரங்கள் வேரோடு சாய்ந்து வீடுகளை நொறுக்கின. பல குடும்பங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. தி பேசினில் உள்ள வக்ரதுண்ட விநாயகர் கோயிலுக்குச் செல்வோர் அறிந்த மலைச்சாரல்தான் அது. 2024 பெப்ரவரி 13 அன்று வீசிய புயலில் விக்டோரியாவில் 5 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக இடங்களும் மின்சாரம் இழந்தன.

இந்நிகழ்வுகள் கற்பிக்கும் பாடம், எல்லா மரங்களும் ஆபத்தானவை என்பதன்று. மரம் எவ்வாறு விழுகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நன்று என்பதே. ஒரு பெருமரத்தின் வேர்களுள் பெரும்பாலானவை நிலத்தின் மேற்பகுதியில், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்திற்குள், கிளைகளின் விரிவையும் கடந்து பரவுகின்றன. தொடர்மழையில் மண் ஊறிக் குழைந்திருக்கும்போது வேரின் பிடி தளர்கிறது. அப்போது கடுங்காற்று வீசினால் மரம் வேர்த்தட்டோடு பெயர்ந்து சாய்கிறது. வழக்கமாக வீசும் திசைக் காற்றைத் தாங்கும் வகையிலேயே மரம் தன் வேரையும் தண்டையும் வளர்த்துக்கொள்கிறது. 2021 ஜூன் புயலில் காற்று வழக்கத்திற்கு மாறாகக் கிழக்குத் திசையிலிருந்து வீசியதும் அத்தனை மரங்கள் சாய்ந்ததற்கு ஒரு காரணமாகும். வாகனப் பாதை அமைக்கவோ, வீட்டை விரிவுபடுத்தவோ, குழாய் பதிக்கவோ ஒரு பக்கத்து வேர்களை வெட்டியிருந்தால், மேலே பசுமையாகத் தோன்றும் மரமும் உள்ளூர வலுவிழந்திருக்கும்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும், பெருமழைக்கும் பெருங்காற்றுக்கும் பின்னரும், மரத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது நன்று. அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்தோ ஒரு பக்கம் உயர்ந்தோ இருத்தல், மரம் அண்மையில் சாயத் தொடங்கியிருத்தல், அடிப்பகுதியில் காளான் முளைத்திருத்தல், இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் பிளவு தெரிதல், உச்சியில் இலைகள் உதிர்ந்து கிளைகள் பட்டுப்போதல், கூரைக்கு மேலே முறிந்த கிளை தொங்குதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தகுதி பெற்ற மரப் பராமரிப்பாளரை, அதாவது ஆர்பரிஸ்டை, அழைத்துக் காட்ட வேண்டும்.

மாறாக, இளமையிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் சாய்ந்திருப்பதனாலேயே ஆபத்தானதாகிவிடாது. தண்டில் பொந்து இருப்பதும் தன்னளவில் காரணமாகாது; சுற்றியுள்ள வைரம் பாய்ந்த மரப்பகுதி தடிப்பாக இருப்பின் மரம் உறுதியாகவே நிற்கும். யூகலிப்டஸ் மரத்தில் பறவைகளும் பொசம்களும் தங்கத்தக்க பொந்து உருவாவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். பொசம் முதலிய நாட்டு விலங்குகள் 1975-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இலை கொட்டுகிறது, கூரைப் பீலி அடைபடுகிறது என்பன துப்புரவு செய்வதற்கான காரணங்களே அன்றி, வெட்டுவதற்கான காரணங்கள் அல்ல. களிமண் நிலத்தில் பெருமரத்தைத் திடீரென அகற்றினால், அது உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் பருத்து, வீட்டின் அத்திவாரத்தைப் பாதிக்கவும் கூடும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

பல மரங்களுக்கு வேண்டியது அகற்றலன்று, முறையான கத்தரிப்பே. இதற்கென ஏஎஸ் 4373 என்னும் ஆஸ்திரேலியத் தரநிலை உண்டு. பட்ட கிளைகளை நீக்குதல், கூரையைத் தொடும் கிளைகளைக் குறைத்தல், அளவு மீறிய பாரத்தைத் தணித்தல் ஆகியவை அதில் அடங்கும். மரத்தின் தலையை மொட்டையாக வெட்டிவிடுவது அத்தரநிலைக்கு மாறானது. அவ்வாறு வெட்டிய இடங்களில் சில மாதங்களிலேயே செறிந்து தளிர்க்கும் புதுக்கிளைகள் தாய்க்கிளையின் வெளி அடுக்குகளில் மட்டுமே பிடிப்புக் கொண்டிருப்பதால், பருத்தபின் எளிதில் முறிந்து விழும். அச்சம் தீர்வதற்காகச் செய்த வெட்டு, சில ஆண்டுகளில் மேலும் பெரிய அச்சத்தைத் தந்துவிடும்.

அடுத்து, அனுமதி. கிளென் வேவர்லியின் பல பகுதிகள் மொனாஷ் நகரசபையின் திட்டமிடல் விதிகளின்படி தாவரப் பாதுகாப்பு வலயத்தில் அடங்குகின்றன. அவ்வலயத்தில், நிலத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் அளக்கும்போது 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவும், 10 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் உடைய மரத்தை அகற்றவோ, அழிக்கவோ, கிளைகளை வெட்டிக் குறைக்கவோ திட்டமிடல் அனுமதி பெற வேண்டும். இதற்கு மேலாக, குடியிருப்பு வலயங்களில் குறித்த சில இடங்களில் நிற்கும் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த நிழல்மரங்களையும் பாதுகாக்கும் விதிகளை விக்டோரியா அரசு 2025-இல் கொண்டுவந்துள்ளது. ஒரு வளவுக்கு எந்த விதிகள் பொருந்தும் என்பதை மாநில அரசின் விக்பிளான் சேவையில் முகவரியை இட்டு இலவச அறிக்கையாகப் பெறலாம். ஐயமிருப்பின், வெட்டும் முன் நகரசபையிடம் கேட்பதே பாதுகாப்பானது. அனுமதியின்றி வெட்டினால் தண்டம் விதிக்கப்படலாம். வெட்டிய மரத்தையோ மீட்க இயலாது.

சொந்த வளவில் நிற்கும் மரத்திற்கு அனுமதி எதற்கு என்று சிலர் வினவுவதுண்டு. இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. இலங்கையில் 1951-ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சொந்தக் காணியில் நிற்கும் பலாமரத்தையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தமிழ்நாட்டில் பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஒருவர் வளவில் நின்றாலும், மரத்தின் நிழலும் பயனும் ஊருக்கும் உரியன என்னும் எண்ணமே இவை அனைத்திற்கும் அடிப்படை.

அவசர நிலைக்கு விதிவிலக்கு உண்டு. மரம் உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்தாக இருப்பின், அந்த ஆபத்தை நீக்கத் தேவையான பகுதியை மட்டும் அனுமதியின்றி அகற்றலாம். அவ்வேளையில் வெட்டுவதற்கு முன் ஒளிப்படங்கள் எடுத்து வைப்பதும், மரப் பராமரிப்பாளரின் எழுத்து மூலக் குறிப்பைப் பெற்று வைப்பதும் பின்னர் துணையாகும்.

மலையடிவாரத்திலோ நாட்டுப்புறத்திலோ நிலம் வைத்திருப்போர்க்கு விதிகள் வேறு. 0.4 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட காணிகளில் நாட்டுத் தாவரங்களை அகற்றப் பொதுவாக அனுமதி வேண்டும். காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் ‘10/30 விதி’ எனப்படும் விலக்கு உண்டு. 2009 செப்டம்பர் 10-க்கு முன்னர் கட்டப்பட்ட குடியிருப்பைச் சுற்றி 10 மீட்டருக்குள் மரங்கள் உட்பட எத்தாவரத்தையும், 30 மீட்டருக்குள் மரங்கள் தவிர்ந்த பிற தாவரங்களையும் அனுமதியின்றி அகற்ற அது இடமளிக்கிறது. ஆயினும் இவ்விலக்கு எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் பொருந்தாது. மலைப்பகுதியில் உறவினர் செய்ததைப் பார்த்து கிளென் வேவர்லியில் அவ்வாறே செய்தல் கூடாது. நிலம் எந்த நகரசபைக்கு உட்பட்டதோ அங்கேயே கேட்டறிய வேண்டும்.

மரப் பராமரிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் சில கேள்விகள் இன்றியமையாதவை. மரத்தில் ஏறி வெட்டுபவர் மரப் பராமரிப்பில் சான்றிதழ் 3 நிலைத் தகுதி பெற்றவரா? மரத்தின் நிலை குறித்து அறிக்கை எழுதுபவர் நிலை 5, அதாவது டிப்ளோமா, தகுதி உடையவரா? பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் பணியாளர் காப்புறுதியும் நடப்பில் உள்ளனவா? சான்றிதழ்களைக் காட்டும்படி கேட்பது நம்பிக்கையின்மையாகாது. தொழிலறிந்தவர் அதை எதிர்பார்த்தே வருவார். குறைந்தது இருவரிடம் எழுத்து மூல விலை மதிப்பீடு பெற வேண்டும். அடிக்கட்டையை அகற்றுவது, கிளைகளையும் மரத்துண்டுகளையும் எடுத்துச் செல்வது, வேலி சேதமுற்றால் பொறுப்பேற்பது ஆகியவை அம்மதிப்பீட்டில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இன்னுமோர் அடையாளமும் உண்டு: தொடர்ந்து வாழவிருக்கும் மரத்தில் முள் பொருத்திய காலணியுடன் ஏறுபவர் அதன் பட்டையைக் காயப்படுத்துகிறார். அத்தகையவரிடம் கத்தரிப்பை ஒப்படைக்கலாகாது.

புயலுக்குப் பின்னர் வீட்டுக் கதவைத் தட்டி, இன்றே மலிவாக வெட்டித் தருவதாகக் கூறிப் பணம் கேட்போர் வருவதுண்டு. தனித்து வாழும் முதியோர் இவ்விடயத்தில் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். அழையாமல் வந்து செய்யப்படும் 100 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 10 வேலைநாட்களுக்குள் இரத்துச் செய்யும் உரிமை ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் உண்டு. அக்காலத்திற்குள் வேலையைத் தொடங்கவோ பணம் பெறவோ அவருக்கு உரிமையில்லை. “மகனுடன் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று கதவைச் சாத்துவதில் நாணப்பட ஏதுமில்லை.

மின்கம்பிக்கு அருகே உள்ள கிளையை வீட்டார் எவ்வகையிலும் தொடக் கூடாது. ஏணி, நீண்ட கைப்பிடிக் கத்தரி, ஈரக்கிளை ஆகிய யாவும் மின்சாரத்தைக் கடத்த வல்லவை. அப்பணி அதற்கெனப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்க்கே உரியது. வீதியோரப் புல்தரையில் நிற்கும் மரம் நகரசபைக்குரியது. அதன் கிளை வீட்டின் மேல் சாய்ந்தாலும் நகரசபைக்குத் தெரிவிக்க வேண்டுமே அன்றி, வீட்டார் வெட்டலாகாது. வாடகை வீட்டில் வசிப்போர் மரத்தின் நிலையை உரிமையாளருக்கோ முகவருக்கோ எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

அயலவரின் மரக்கிளை வேலியைத் தாண்டி வந்தால், பொதுவாக எல்லைக்கோடு வரை அதை வெட்டிக்கொள்ளலாம். எனினும் அயலார் வளவுக்குள் நுழையாமலும், மரம் பட்டுப்போகாமலும், மேற்கூறிய அனுமதி விதிகளை மீறாமலும் அது செய்யப்பட வேண்டும். வெட்டுவதற்கு முன் பேசுவதே சிறப்பு. பேச்சு முறிந்தால், விக்டோரியாவின் பிணக்குத் தீர்வு நிலையம் கட்டணமின்றி நடுநின்று உதவுகிறது. மரம் ஒருநாள் மறையலாம். அயலுறவு நெடுநாள் நீடிக்க வேண்டியது.

புயலின்போது மரம் வீட்டின் மேல் விழுந்தாலோ வழியை மறித்தாலோ மாநில அவசர சேவையை 132 500 என்ற எண்ணில் அழைக்கலாம். உயிராபத்து எனில் 000. அறுந்து விழுந்த மின்கம்பி எதுவாயினும் அதில் மின்சாரம் ஓடுகிறது என்றே கொண்டு, விலகி நின்று, மற்றவரையும் விலக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்த்துரைப்புச் சேவையை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் நகரசபையோடு பேசலாம்.

இறுதியாக, அகற்றியே தீர வேண்டிய மரமும் உண்டு. பட்டுப்போன மரத்தை, குழந்தைகள் விளையாடும் முற்றத்தின் மேல் பிளந்து நிற்கும் மரத்தை, அன்பின் பெயரால் நிறுத்தி வைப்பது அறமாகாது. உரிய அனுமதியுடன், தகுதியுடையோர் கையால் அதை அகற்றியபின், வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் போதிய தொலைவில் மற்றொரு மரத்தை நடுதல் வேண்டும். முதற்சில கோடைகளில் நீரூற்றி, அடியில் மரத்தூள் மூடாக்கு இட்டு, அம்மூடாக்கு தண்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் அது வேரூன்றிவிடும். இளமையிலேயே முறையாகக் கத்தரித்து வளர்க்கும் மரத்திற்குப் பிற்காலத்தில் பெருஞ்செலவு நேர்வது அரிது. இவ்வாரத்தில், காற்று அமைதியாக இருக்கும் ஒரு மாலையில், ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வளவு மரத்தை அடி முதல் நுனி வரை ஒரு முறை நோக்குவார்களாயின், இவ்வுரையின் பயன் நிறைவேறியதாகும்.