விருப்புக் குறியும் விற்ற பக்கற்றும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் மிளகாய்த்தூள் விற்கும் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். இப்போது ஒரே அடுப்படியில் நிற்கிறோம். எங்களைப்போல ஒடியல் மா, மோர் மிளகாய், வடகம், பயற்றம் பணியாரம் செய்து விற்கிற பழைய மாணவியர் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். சிலருக்கு அதுதான் வீட்டின் ஒரே வருமானம். அந்த வருமானத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை முகநூல் விளம்பரத்துக்குப் போகிறது. போன காசு திரும்பி வருகிறதா? அதைப்பற்றித்தான் பேச வந்தோம்.

முன்னர் இந்தக் கேள்வி இவ்வளவு பாரமாக இருக்கவில்லை. ஒரு படத்தைப் போட்டால் பக்கத்தைத் தொடர்ந்தவர்களில் நல்லதொரு பங்கினர் கண்டார்கள். 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே இனி முதலிடம், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்று அறிவித்தது. அதன் பிறகு காசு கொடுக்காமல் பலரை எட்டுவது கடினமாகிவிட்டது. அந்தக் காசையும் டொலர் கணக்கில்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 10 டொலர் விளம்பரம் 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாயிற்று. மல்லிக்கும் செத்தல் மிளகாய்க்கும் விலை ஏறிய அதே நாட்கள் அவை.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் இடறியிருக்கின்றன. அமெரிக்காவில் பெப்சி நிறுவனம் 2010 இல், 23 ஆண்டுகளாகத் தன் பானத்துக்கு விளம்பரம் செய்துவந்த சூப்பர் போல் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியை விட்டுவிட்டு, சமூகப் பணிகளுக்கு 20 மில்லியன் டொலர் கொடுக்கும் திட்டமொன்றை இணையத்தில் தொடங்கியது. எந்தப் பணிக்குக் கொடுப்பது என்று மக்கள் வாக்களிக்க வேண்டும். 80 மில்லியனுக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அந்த ஆண்டு விற்பனையில் பெப்சி, டயட் கோக்குக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. திட்டம் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் வாக்களித்த விரல்கள் கடையில் போத்தலை எடுக்கவில்லை. அவர்களிடம் தாங்கிக்கொள்ளக் காசு இருந்தது. எங்களிடம் அடகு வைத்த காப்புத்தான் இருக்கிறது.

ஆகவே நாங்கள் விருப்புக் குறிகளை எண்ணுவதில்லை. இரண்டாவது பக்கற்றை எண்ணுகிறோம். விளங்குவதற்கு ஒரு கணக்கு வைப்போம். ஒரு பக்கற் தூளில், சாமான், வறுப்பு, திரிப்புக்கூலி, பொதி எல்லாம் போக 150 ரூபா மிஞ்சுகிறது என்று வையுங்கள். 6,000 ரூபா விளம்பரத்தால் 20 புதியவர்கள் வாங்கினால், ஒருவரைக் கூட்டிவர 300 ரூபா. முதற் பக்கற்றில் ஆளுக்கு 150 ரூபா நட்டம், மொத்தம் 3,000. படத்துக்குக் கீழே 500 பேர் இதயம் போட்டிருந்தாலும் நட்டம் நட்டம்தான். அந்த 20 பேரில் 8 பேர் பிறகு ஐந்து தடவை வாங்கினால் இன்னொரு 6,000 வருகிறது. 3,000 நட்டம் அடைபட்டு 3,000 கையில் நிற்கும். எட்டுப் பேருக்குப் பதில் நாலு பேர்தான் திரும்பி வந்தார்கள் என்றால் சரிக்குச் சரி, அவ்வளவுதான். மூன்று பேர் என்றால் அடுப்பு எரித்தது வீண்.

மிளகாய்த்தூள் மாதம் முடிய மீண்டும் தேவைப்படும் சாமான் என்பதால் இந்தக் கணக்கு எங்களுக்குச் சரிவரும். பலகாரம் செய்பவர்கள் பொங்கல், வருடப்பிறப்பு, தீபாவளி என்று ஆண்டு முழுவதையும் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். இன்னொன்று: பொங்கல் வாரத்தில் விளம்பரம் போட்டுவிட்டு விற்பனை கூடியது என்று மகிழாதீர்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் அந்த வாரம் கூடித்தான் இருக்கும். சாதாரண மாதமொன்றில் இரண்டு வாரம் போட்டு, இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

இனி வெளிநாட்டுத் தோழிகளுக்கு, கோபிக்கக்கூடாது. எங்கள் பக்கத்துக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நீங்கள் அள்ளித்தரும் இதயங்கள் எங்கள் கணக்கைக் குழப்புகின்றன. விருப்புக் குறி வேண்டும் என்று கேட்டு விளம்பரம் போட்டால், விருப்பம் தெரிவிக்கக்கூடியவர்களையே முகநூல் தேடிப் பிடித்துத் தரும். வாங்கக்கூடியவர்களை அல்ல. வறுத்த தூளின் நிறத்தைப் பார்த்து அம்மாவை நினைத்து அழுபவருக்கு எங்களால் பார்சல் அனுப்ப முடியாது. அனுப்பினாலும் தபாற்செலவு தூளின் விலையைத் தாண்டும். அதனால் விளம்பரத்தை நாங்கள் பொருள் போய்ச்சேரும் மாவட்டங்களுக்குள் மட்டும் அடக்கி, வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பவேண்டும் என்பதையே நோக்கமாகக் கொடுக்கிறோம். உங்களுக்கு உதவ மனமிருந்தால், வெள்ளவத்தையிலோ வவுனியாவிலோ இருக்கும் உங்கள் சித்திக்கு ஒரு கிலோ சொல்லிவிடுங்கள். அந்த ஒரு கிலோ நூறு இதயங்களுக்குச் சமம்.

இலவசப் பொதி, பரிசுப் போட்டி என்பவற்றுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பரிசோடு போய்விடுவார்கள். காணொளிக்காரருக்குக் காசு கொடுப்பதானால், அவரைப் பார்ப்பவர்கள் எந்த ஊரவர் என்று முதலில் கேளுங்கள்.

எங்களுக்குப் பலன் தந்தவை மிகச் சாதாரணமானவை. பளபளக்கும் பொதியின் படத்தைவிட, மல்லியும் சீரகமும் வறுபடும் அரை நிமிடக் காட்சிக்குத்தான் ஆட்கள் விலை கேட்டார்கள். “ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கரண்டி?” என்று யாராவது கேட்டால், அந்தப் பதிலையே அடுத்த பதிவாகப் போடுகிறோம். விலையை ஒளித்துவைத்து “இன்பொக்ஸ் வாருங்கள்” என்பதில்லை, படத்திலேயே எழுதுகிறோம். செய்தி வந்தால் சமையல் ஆறினாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் பதில். வாங்கி நாலு கிழமை ஆனதும், “தூள் முடிகிற நேரம் அல்லவா அக்கா?” என்று ஒரு வரி. இந்த ஒரு வரிக்கு முகநூலுக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. திரும்பி வருபவர்களில் பெரும்பங்கு அதனால் வருபவர்களே.

கணக்குக்குக் கணினி தேவையில்லை. மனையியல் வகுப்பில் வரவு செலவு எழுதிய அதே சதுர ரூல் கொப்பி போதும். பெயர், முதல் வாங்கிய திகதி, எங்களை எப்படி அறிந்தார், மீண்டும் வாங்கிய திகதிகள்: நாலு நிரல். “எப்படி அறிந்தீர்கள்” என்பதை விடாமல் கேட்கவேண்டும்; வெட்கப்பட்டால் கொப்பியில் ஓட்டை விழும்.

கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறோம். பெயர்களை மூடிவிட்டு, தேநீர் இடைவேளையில் கூடத்தின் பின்பக்க மேசையில் வைத்திருப்போம். புதிதாகத் தொடங்கும் தங்கைமார் உங்கள் விலை, செலவு விபரங்களோடு வாருங்கள். இருந்து கணக்குப் பார்ப்போம்.