பத்தரை மணி அலறல்

ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளைகளைப் பற்றி நேயர்களிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எத்தனையோ உண்டு. எனக்கு அதில் ஒன்றின்மேல் தனி ஆர்வம், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளை தூங்கி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீலென்று அலறும். கண் திறந்திருக்கும், ஆனால் அம்மாவையே அடையாளம் தெரியாது. தொட்டால் தள்ளிவிடும். உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடவென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது மாதிரி படுத்துவிடும். காலையில் கேட்டால், "நானா?" என்னும்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர், யூகேஜி படிக்கிற பேரனை அழைத்து வந்தார். சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் நின்று ஓதி ஊதிக்கொண்டாயிற்று. கயிறு கட்டியாயிற்று. மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று. "டாக்டரம்மா, பத்தரை அடிச்சாப் போதும், சொல்லிவச்ச மாதிரி அலறுதான்" என்றார்.

அந்தப் பத்தரைதான் எனக்குத் துப்பு. கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில் வரும். பிள்ளை முழித்து, நம்மைக் கட்டிக்கொண்டு அழும். இது முன்னிரவில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் வெளியே வருகிற நிலை. ஆள் முழிக்கவே இல்லை! சின்னப் பிள்ளைகளிடம் இது இருப்பதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், யாராவது சிறு வயதில் தூக்கத்தில் நடந்திருக்கலாம், அதுவும் இந்த வகைதான். குடும்ப வழியில் வரக்கூடியது.

அலறிய நேரத்தையும் அன்றைய பகல் எப்படிப் போனது என்பதையும் குறித்து வரச் சொன்னேன். ஆச்சி தினக்காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் மட்டும் அலறல் இல்லை. அன்றைக்கு மத்தியானம் பேரன் ஆச்சி பக்கத்தில் படுத்துத் தூங்குவானாம். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம், பிறகு டியூஷன். ஆமாம், யூகேஜிக்கு டியூஷன்! ராத்திரி ஒன்பதுக்குப் படுத்து, வேனுக்காகக் காலை ஆறுக்கு எழுந்தால் ஒன்பது மணி நேரம்தான். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். தூக்கம் பாக்கி விழுந்தால் ஆழ்ந்த தூக்கம் இன்னும் ஆழமாகும், இந்த அலறலும் கூடும். டியூஷனை நிறுத்தி எட்டு மணிக்கே படுக்கப் போட்டார்கள். அலறல் அடங்கியது.

மந்திரிப்பதை நான் தடுப்பதில்லை. முகத்தில் தண்ணீர் அடித்து, உலுக்கி எழுப்புவதைத்தான் வேண்டாம் என்பேன், அதில் கலவரம்தான் கூடும். கட்டிலிலிருந்து விழாமல், மாடிப்படிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். தினமும் அதே நேரத்துக்கு அலறல் வந்தால், கால்மணி முன்னாலேயே லேசாகத் தட்டி எழுப்பி மறுபடி தூங்கவிடலாம். தூங்கட்டும் என்று சளி சிரப் மட்டும் ஊற்றாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் ஆகிறது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு விடுகிற பிள்ளைக்கு அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம், காட்டுங்கள். ராத்திரியில் பின்பக்கம் சொறிந்துகொண்டு புரள்கிற பிள்ளைக்குக் கீரிப்பூச்சி இருக்கலாம். அது முட்டையிட வெளியே வருவதே ராத்திரியில்தான். டாக்டரிடம் கேட்டு வீட்டில் எல்லோரும் மாத்திரை போடுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஒரே ராத்திரியில் பல தடவை, கை கால் வெட்டி இழுத்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள், வலிப்பா என்று பார்க்க வேண்டும். மற்றபடி, இன்றைக்குப் படுக்கை நேரத்தை அரைமணி முன்னால் கொண்டுவந்து பாருங்கள். பிள்ளையோடு நீங்களும் கொஞ்சம் தூங்குவீர்கள் என்று நம்புகிறேன்.